மூன்றாவது ஒயர்

இசை துல்லியமாகக் கேட்கச் சுத்தமான மின்சாரம் வேண்டும் என்று தன் வீட்டுக்கென்றே தனி மின்கம்பம் நட்டவர் ஹிசனோபு. டோக்கியோவில் அவர் தெருவே சிரித்தது. அப்படியும் அவருடைய ஸ்பீக்கரில் வயலின் உயிரோடு வந்தபாடில்லை.

இன்று ஸ்பீக்கர் ஒயர் சோதனை. திரைக்குப் பின்னால் மகள் சயோரி மூன்று ஒயர்களை மாற்றி மாற்றி ஒரே வயலின் இசைத்தட்டைப் போட வேண்டும். ஹிசனோபுவும் நண்பர் குராத்தாவும் கண்ணை மூடிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள்.

முதல் ஒயர் சுமார். இரண்டாவது மந்தம்.

மூன்றாவதற்கு ஹிசனோபு தொடையில் அடித்துக்கொண்டார். "சே! எந்தப் படுபாவி செஞ்ச ஒயரு இது? தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கு!"

"அதானே ஹிசனோபு-சான், நிஜ வயலின் இப்படியா இருக்கும்?" என்றார் குராத்தா.

"சயோரி, தூக்கிக் குப்பையில போடும்மா!"

இசை பாதியில் நின்றது. திரை விலகியது.

மூன்றாவது ஒயர் உறைகூடப் பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது. சயோரியின் தோளில் வயலின் இருந்தது.

"என் கச்சேரிக்கு ஏன் வரலைன்னு கேட்டப்பல்லாம், அரங்கத்துல சத்தம் சரியில்ல, வீட்டுல கேட்டாத்தான் நிஜம்னு சொன்னீங்களேப்பா," என்றாள். "அதான் வீட்டுலயே வாசிச்சேன்."