கோழிக்கூண்டுக் கதவு

"பின் சக்கரமா? அடடா, இப்பத்தானே கிடானே வந்து தூக்கிட்டுப் போனாரு!"

மெஹாரிக்கு ரத்தம் தலைக்கேறியது. அஸ்மாரா நகரில் அவர் ஏறி இறங்காத சைக்கிள் கடை பாக்கியில்லை. எங்கே போனாலும் இதே பதில். தையற்கடை வாசலில் அலங்காரமாகத் தொங்கிய சக்கரத்தைக்கூட கிடானே கேட்டு வாங்கிப் போயிருந்தார். ஒரு வீட்டில் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருந்த சக்கரத்தையும் விடவில்லை. கோழிகள் தெருவில் திரிந்துகொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பது தாண்டியவர்களுக்கான சைக்கிள் பந்தயம். மெஹாரியின் பழைய இத்தாலி ரேஸ் சைக்கிள் பள்ளத்தில் விழுந்து பின் சக்கரம் உடைந்தது ஊருக்கே தெரியும். வருஷா வருஷம் கிடானே முதல், மெஹாரி இரண்டாவது. இந்த வருஷம் கிடானேக்கு முழங்கால் வலி. ஜெயிப்பதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"பயந்துட்டான் படுபாவி! அதான் ஊர்ச் சக்கரத்தையெல்லாம் பதுக்குறான்!"

நேரே கிடானேயின் வீட்டுக்கு நடந்தார். வாசல் சுவரில் ஒரு பின் சக்கரம், பளபளவென்று துடைத்துச் சாத்தியிருந்தது. பந்தயத்துக்குத் தனக்கென்று தயார் செய்திருக்கிறான்! மெஹாரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. சக்கரத்தைக் கீழே தள்ளி ஏறி மிதித்தார். அது நெளிந்த பிறகுதான் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. மிச்சக் கோபத்தோடு உள்ளே நுழைந்தார்.

"வாங்கண்ணா, உக்காருங்க! இப்பத்தான் காப்பிக்கொட்டை வறுக்கறேன்" என்றாள் கிடானேயின் மனைவி லெம்லெம்.

போச்சு! அந்த ஊரில் காப்பி என்றால் மூன்று கோப்பை. மூன்றாவதுதான் ஆசீர்வாதம். அதற்கு முன்னால் எழுந்து போவது மரியாதையில்லை. சண்டை போடுவது மகா பாவம். மெஹாரி கோபத்தை அடக்கிக்கொண்டு சோளப்பொரியை மென்றார்.

எதிரே கிடானேயும் வந்து உட்கார்ந்தார். முதல் கோப்பைக்கு மழையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவதுக்குக் கிடானேயின் முழங்காலைப் பற்றி. மூன்றாவது காலியானதுதான் தாமதம், மெஹாரி கோப்பையை டக்கென்று வைத்தார்.

"ஏண்டா, வெக்கமா இல்ல உனக்கு? நான் ஓட்டக் கூடாதுன்னுதானே அத்தனையும் வாங்கிப் பதுக்கினே?"

கிடானே பின்கட்டைக் காட்டினார். சக்கரங்கள் குவிந்து கிடந்தன.

"இதுல ஒண்ணாவது உன் ஓட்டை வண்டிக்குச் சேருமா பாரு. அகலம் சேந்தா செயின் பல்லு சேரல, பல்லு சேந்தா அகலம் சேரல."

"என் வண்டிக்கா? உனக்கெதுக்குடா அந்தக் கவலை?"

"பந்தயத்துக்குப் பேர் குடுத்ததே நாம ரெண்டு பேர்தான். ஒருத்தன் வரலேன்னா பந்தயமே கிடையாதாம். நீ இல்லாம நான் யாரைத் தோக்கடிக்கிறது?"

லெம்லெம் சிரித்தாள். மெஹாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப... எதுவுமே சேரலியா?"

"சேந்துச்சே! அந்தக் கோழிக்கூண்டுக் கதவு. காலையிலேர்ந்து தேய்ச்சுத் துடைச்சு உனக்குன்னு வாசல்ல சாத்தி வெச்சிருந்தேன்."

மெஹாரிக்கு வேர்த்தது.

"வாசல்லயா? நான் பாக்கலியே... எவனாவது காலிப்பய வந்து..."

கிடானே அலமாரியைத் திறந்து, கம்பி முறுக்கும் சாவியை எடுத்தார்.

"அந்தக் காலிப்பயலை ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான், காப்பி போடச் சொன்னேன். கோபம் ஆறிடுச்சுல்ல? எழுந்திரு, ரெண்டு பேருமாச் சக்கரத்துக் கோட்டத்தை எடுப்போம்."