கொண்டுவந்து விட்ட கை

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் அரைக்கதவுக்கு உள்ளே, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சுகிர்தம் கொண்டியைப் பிடித்தபடி நிற்கிறாள். வெளியே, எட்டு மாதத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்திருக்கும் மதுரன் மகளை நோக்கிக் கையை நீட்டுகிறான். தகரக் கூரையில் தூறல் விழுகிறது. மூன்று வயது அக்ஷி, "அப்பாட்ட போறேன்" என்று கதவை உதைக்கிறாள். "எம்புள்ளைய நான் தூக்கக் கூடாதாக்கா?" என்கிறான் மதுரன். "காலையில கொண்டாந்து விட்ட கையிலதான் புள்ளையக் குடுப்பேன், தம்பி. புள்ளையோட அம்மா சாந்தினி கொழுந்து நிறுத்துட்டு வரட்டும். அதுவரைக்கும் இப்புடி ஒக்காருங்க." பக்கத்துத் தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்திருக்கும் பெண்கள் அவள் காதில் விழும்படியே பேசுகிறார்கள். "பெத்தவன்கிட்டயே குடுக்க மாட்டேங்குறா. இவல்லாம் ஒரு பொம்பளையா?" சுகிர்தம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் பார்ப்பது மதுரனின் தோள்பையை. சிப்பு போய் வாய் திறந்து கிடக்கும் அந்தப் பையில் அக்ஷியின் சிவப்பு ஸ்வெட்டரும், சாந்தினி தகரப் பெட்டியில் பூட்டி வைக்கும் பிறப்புச் சான்றிதழும் தெரிகின்றன. கீழே ரோட்டில் ஒரு ஆட்டோ எஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறது. கொண்டியைப் பிடித்திருக்கும் சுகிர்தத்தின் கையை அக்ஷி கடிக்கிறாள். பல் நன்றாகப் பதிகிறது. கை அசையவில்லை. பகல் சங்கு ஊதுகிறது. இனி மலையிலிருந்து கொழுந்து பறிக்கும் ஆட்கள் இறங்குவார்கள். மதுரன் மலையைப் பார்க்கிறான், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டுக்கு இறங்குகிறான். ஆட்டோ போய்விடுகிறது.

"நீ பேய்," என்கிறாள் அக்ஷி, விக்கிக்கொண்டே. சுகிர்தம் கடிபட்ட கையாலேயே அவள் மூக்கைத் துடைக்கிறாள். "ஆமா கண்ணு, பேயிதான். பாலு ஆறுது, குடி."