கொட்டாங்குச்சி அளவு மண்

முடிச்சை அவிழ்ப்பதற்குள்ளேயே அவளுக்கு வாசனை வந்துவிட்டது.

சாணம். மக்கிய இலை. கொஞ்சம் சாம்பல்.

மஞ்சள் பையைக் காகிதத்தின் மேல் கவிழ்த்தாள். மண் கறுப்பாக, பொலபொலவென்று விழுந்தது. நடுவில் ஒரு வைக்கோல் துணுக்கு.

"நடுக்காட்டுல எடுத்ததுங்க மேடம்," என்றார் மண்ணைக் கொண்டுவந்த விவசாயி. தேய்த்த வெள்ளைச் சட்டை. புதிதாகச் சவரம் செய்த முகம். அவர் கையைப் பிடித்தபடி அவருடைய மகள். எட்டு வயது இருக்கும்.

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மண்ணு அல்வாவாட்ட இருக்குது. எங்கூட்டுது வெறும் பொரிகடலை."

வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தார். மறுக்கவில்லை.

சிறுமி சிரிக்கவில்லை. அவளுடைய நகங்களின் ஓரத்தில் கறுப்பு இருந்தது.

வேளாண் கண்காட்சியில் மண் பரிசோதனை செய்யும் மேசை இது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பது அவளுக்கு இதுதான் முதல் வருடம்.

அந்தப் பக்கம் ஆறு வருடம் நின்றிருக்கிறாள்.

*

அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம். மஞ்சள் காடு.

கண்காட்சி ஒவ்வொரு சித்திரையிலும் வரும். அதற்கு முதல் நாள் சாயங்காலம் அவளை, சாணமும் இலையும் மக்கும் குப்பைக்குழிக்குக் கூட்டிப்போவார். கையில் ஒரு கொட்டாங்குச்சியைக் கொடுப்பார். அவள் குழியின் ஓரத்தைச் சுரண்டி நிரப்புவாள். அவர் முதுகைக் காட்டி நின்று, பாதையில் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார்.

முதல் தடவை கேட்டாள். காட்டு மண்ணைத்தானே கேட்டார்கள் என்று.

"பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால அழுக்குச் சேலையோடவா நிறுத்துவாங்க கண்ணு?"

மறுநாள், பள்ளிக்கூட மைதானம். டிராக்டர்கள். ஒரு கட்டிலை அடைத்துக்கொண்டு கிடக்கும் சேனைக்கிழங்கு. காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லும் ஒலிபெருக்கி.

எங்கே எடுத்த மண் என்று பரிசோதனை மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேட்பார்.

நடுக்காட்டில் என்பார் அப்பா.

அவள் உள்ளங்கையில் அவருடைய கட்டைவிரல் ஒரு முறை அழுந்தும்.

அதன் பிறகு டெல்லி அப்பளம். அவள் முகத்தைவிடப் பெரியது. மிளகாய்த்தூள் கண்ணில் படும். அழுதுகொண்டே தின்பாள். அப்பா துண்டால் துடைத்துவிடுவார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் அவ்வளவு சிரித்தது.

மாலையில் மண்வள அட்டை தருவார்கள். தழைச்சத்து அதிகம். கரிமச்சத்து அதிகம். உரம் பாதி போதும்.

அப்பா அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

முதல் வருடம் அவருக்கு உண்மை தெரியும். மூன்றாம் வருடத்தில் அதுதான் தன் மண் என்று நம்பத் தொடங்கியிருந்தார். அட்டை சொன்னபடி பாதி உரம்தான் வைத்தார்.

கிழங்கு சுண்டுவிரலாய்ச் சிறுத்தது. விதை சரியில்லை என்றார். மறு வருடம், மழை. அதற்கடுத்த வருடம், பக்கத்துக் காட்டுக்காரர் கண் வைத்துவிட்டார்.

மண்ணை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை.

*

கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆசிரியை பலகையில் எழுதினார்.

மண் மாதிரி எடுக்கக் கூடாத இடங்கள்: வரப்பு ஓரம். மர நிழல். வாய்க்கால் கரை. குப்பைக்குழி அருகில்.

நான்காவதை அவள் நோட்டில் எழுதவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பா அட்டையைக் கழற்றி, மோட்டார் பழுது பார்க்க வந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல இப்பிடி மண்ணு யாருகிட்ட இருக்குது? வேணும்னா எம்புள்ளயக் கேளுங்க. அதத்தான் படிக்குது."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் தலையாட்டினாள்.

காடு கைவிட்டுப் போக அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

இப்போது அங்கே வீட்டுமனைக் கற்கள். அப்பா ஒரு நூல்மில் வாசலில் தொப்பி போட்டு நிற்கிறார். உள்ளே போகும் கார்களுக்கு சல்யூட் அடிக்கிறார். அவர் தங்கியிருக்கும் அறையில் சாமி படம் இல்லை. அட்டை இருக்கிறது.

*

"எங்க எடுத்தீங்க?"

மறுபடி கேட்டாள். மெதுவாகத்தான். அவளுக்குச் சத்தமாகப் பேச வராது.

"அதான் சொன்னனுங்களே மேடம். நடுக்காடு."

பின்னால் நின்றவர் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சிறுமியைப் பார்த்தாள். சிறுமியும் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது.

"அப்பளம் திங்கலாமா சாமி?" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர், மகளிடம்.

வாய் மூடிக்கொண்டது.

படிவத்தில் 'எடுத்த இடம்' என்று ஒரு கட்டம். அதில் பேனாவை வைத்தாள். எடுத்தாள். மூடி போட்டாள்.

பிறகு மேசையைச் சுற்றி வந்து, சிறுமியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அந்த அப்பளம் நானும் நெறையத் தின்னிருக்கேன்."

வெள்ளைச் சட்டைக்காரரின் கை மகளின் கையை விட்டது.

சிறுமி அவளையே பார்த்தாள். பிறகு அப்பாவை.

நகம் கறுத்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள்.