திரும்பிய தேதி

பொழிச்சலூரில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் விஷ்ணுப்ரியா, 1861இல் புதுச்சேரியிலிருந்து ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பட்டியலை ஜெராக்ஸ் பிரதியிலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ‘திரும்பிய தேதி’ என்ற கட்டம் எல்லோருக்கும் காலியாக இருந்தது. நாற்பதாவது பெயருக்கு மட்டும் நேற்றைய தேதி: சின்னதம்பி, கோவளம், வலது கையில் ஆறு விரல்.

வாசலில் மீன்கூடையோடு பூவம்மாள் நின்றாள்.

“என்னக்கா, ஒரே சந்தோஷமா இருக்கீங்க?”

“கப்பல்ல போன பாட்டனுக்குன்னு எங்க கோவளத்துல தெனம் ஒரு பங்கு மீனு மணல்ல வெப்போம், கண்ணு. நேத்து ஒருத்தர் வந்து கூச்சப்படாம எடுத்துக்கினாரு. கையில ஆறு வெரலு. எங்க வூட்லதான் கீறாரு.”

விஷ்ணுப்ரியா உள்ளே ஓடிவந்து பட்டியலைப் பார்த்தாள். நாற்பத்தொன்றாவது கட்டத்தில் இன்றைய தேதி இருந்தது. மை இன்னும் காயவில்லை.