சிவப்பு மையில் ஒரு வரி

“மூணு வாரமாச்சு ரொனால்ட்டு. என் கம்ப்யூட்டரைக் குடு, நான் தூக்கிட்டுப் போறேன்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று குமுதா கேட்டாள்.

ரொனால்ட் எஸ்டேட்டில் லோரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு எழுந்து வந்தான்.

“வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?”

“பசியாற வரல நான்.”

இவனிடம் போய்க் கொடுத்தோமே என்று மேடு ஏறி வரும்போதே தன்னைத் திட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் அவளும் வேறென்ன செய்வாள்? பதினொரு வருஷத்துப் பழைய பெட்டி. சுவிட்சைத் தட்டினால், தேத்தண்ணி கலக்கிக் குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் திரையில் வெளிச்சமே வரும். தானா ராத்தா டவுன் கம்ப்யூட்டர் கடையில், “இதுல புது விண்டோஸ் ஏறாது, வேற வாங்கிக்குங்க” என்று கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் இவன் குறுக்கே வந்தான்.

“லினக்ஸ்னு ஒண்ணு இருக்குக்கா, சும்மாவே கிடைக்குது. பழைய லோரிக்கு வேற எஞ்சின் மாத்துற மாதிரிதான். யூடியூப்ல பார்த்து வச்சிருக்கேன். ஒரே வாரம், போட்டுத் தரேன்லா!”

அந்த ஒரு வாரம் மூன்று வாரமாகிவிட்டது. வழியில் அவளைக் கண்டால் லோரியை நிறுத்துவதே இல்லை. ஹாரனை அடித்துவிட்டுப் பறந்துவிடுகிறான். பக்கத்து வீட்டுச் செல்லம் வேறு சும்மா இராமல், “எல்லாத்தையும் அழிச்சுத் தொலைச்சிருப்பான். அதான் மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கிறான்” என்று தூபம் போட்டாள்.

குமுதாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. போன வருஷம் காலமான அவள் கணவர் தங்கையா அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தார். பிரிஞ்சாங் கோயிலில் காவடி எடுத்தது, ஃபேக்டரிக் கூட்டாளிகளோடு பாட்டுப் பாடியது எல்லாம் வீடியோவாக அதில்தான் கிடந்தது. வேறெங்கும் காப்பி கிடையாது. அவர் குரலை இனி வேறெங்கே போய்க் கேட்பாள்?

“இன்னிக்குக் காலையிலதான் முடிஞ்சுச்சுக்கா” என்றான் ரொனால்ட்.

“அப்ப மூணு வாரமா அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணே?”

“உள்ள வாங்கக்கா” என்று அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“தெரியாத வேலையை ஏன் தொடணும்? உனக்கு அது பழைய டப்பா. எனக்கு அதுக்குள்ள என் புருஷன் இருக்காருடா!”

அவன் மனைவி மேவிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணாலேயே அவளை அடக்கினான்.

அதைப் பார்த்ததும் குமுதா முடிவே கட்டிவிட்டாள். செல்லம் சொன்னது சரிதான். எல்லாம் போயிற்று.

ரொனால்ட் மேசைமேல் இருந்த அவளுடைய பெட்டியின் பட்டனை அமுக்கினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரை பளிச்சென்று வந்தது. எதையோ தட்டினான்.

“ஏ குமுதா, இங்க பாரு! இங்க பாரேன்!”

தங்கையாவின் குரல்.

குமுதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஒண்ணுகூடக் குறையலக்கா. பென்டிரைவ்லயும் ஒரு காப்பி போட்டிருக்கேன். இனிமே பெட்டியே கெட்டாலும் மாமா எங்கேயும் போக மாட்டாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் படிப்பு ஒரு நாள்கூடப் படித்தவனில்லை. லோரி ஓட்டிக் காய்த்துப்போன விரலால் இதைச் செய்திருக்கிறானே! வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்று கூசிப்போனாள்.

“கோவிச்சுக்காதேடா தம்பி. கடைக்காரனே முடியாதுன்னதை நீ செஞ்சுட்டே.”

மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் விரிந்து கிடந்தது. என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தான். எல்லாம் நீல மையில். முதல் வரி மட்டும் சிவப்பு மையில்: ‘எதையும் தொடுமுன் எல்லாத்தையும் வெளியே காப்பி எடு.’ அதைச் சுற்றி மூன்று வட்டம்.

“இது என்னடா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி? அவ்வளவு மறதியா உனக்கு?” என்று சிரித்தாள் குமுதா.

அவனும் சிரித்து வைத்தான்.

பக்கத்தில் அவனுடைய சொந்தப் பழைய பெட்டி இருந்தது. சந்தோஷத்தில் குமுதாவுக்கு வீட்டுக்குப் போகவே மனமில்லை.

“உன்னோடதையும் போடு, பார்ப்போம். உங்க மக மெலிசா ஞானஸ்நானப் படமெல்லாம் அதுலதானே இருக்கு? மாமாகூடப் பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாரே!”

ரொனால்ட் சட்டென்று எழுந்து, சட்டைப் பையிலேயே இருந்த லோரி சாவியை அலமாரியில் தேட ஆரம்பித்தான்.

மேவிஸ்தான் மெதுவாகச் சொன்னாள்.

“அதுல இப்ப ஒரு படமும் இல்லக்கா. எந்தப் பட்டனை அமுக்கினா எல்லாம் அழிஞ்சு போகும்னு, உங்க பெட்டியைத் தொடறதுக்கு முன்னாடி எங்க பெட்டியிலதான் இவரு கத்துக்கிட்டாரு.”