யார் ஜாடை?

ஊரடங்கில் மகளுக்குப் பிள்ளை பிறந்து நான்கு நாளாகியும், அம்மா இன்னும் பேரனைப் பார்க்கவில்லை. கைபேசி ஒலித்ததும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இன்னிக்காவது உன் முகத்தைக் காட்டுவியாம்மா?"

"என் போன்ல கேமரா போயிடுச்சு கண்ணு. என் மூஞ்சி நீ பாக்காததா? பேரனைக் காட்டு."

"மடியிலதான் வச்சிருக்கேன். யாரு ஜாடைன்னு நீயே சொல்லு."

"அடி என் தங்கமே! அப்படியே உன் ஜாடை. அதே எடுப்பான மூக்கு. என்னமா முழிக்கிறான் பாரு, திருட்டுப் பய!"



"அம்மா... நான் இன்னும் வீடியோவே போடலையே."

அம்மாவின் கை, வீங்கி மூடிக்கிடந்த இரண்டு கண்களின்மேல் வைத்திருந்த ஈரத்துணிக்குத் தானாகப் போனது.

"பாத்ரூம்ல வழுக்கி..."

"போன தடவை கதவு இடிச்சுதுன்னு சொன்னே."

ஆபீஸ் மூடியதிலிருந்து வீட்டிலேயே இருக்கும் கணவர், ஹாலில் செருமினார். அந்தச் செருமலின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். குடும்ப மானம் என்று, பெற்ற மகளிடம்கூட அவரை அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை.

அப்போது கைபேசியில் குழந்தை சிணுங்கியது.

"வழுக்கல கண்ணு," என்றாள், ஹாலுக்கும் கேட்கும்படி. "உங்கப்பாதான் அடிச்சார். போலீஸ்ல சொல்லியாவது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. எனக்கு என் பேரனைப் பாக்கணும்."