ஜன்னல் உயரம்

சிமெண்டுக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மேஸ்திரியின் சுவரில் ஆறு வரிசை செங்கல்லைக் காணோம்.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருந்த ஆறு வரிசை. தலை உயரத்தில் அவர் விட்டிருந்த திறப்பு இப்போது வயிறு வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

பெயர்த்த கல்லை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்த கொத்தனார், 'என்னைக் கேட்காதீர்கள்' என்பதுபோல் உள்ளே கைகாட்டினார்.

உள்ளே மகள் நின்றாள், இடுப்பில் மூன்று வயதுப் பேத்தியோடு.

வீடு மகளுக்குத்தான். அவள் கேட்டு அவர் எதற்கும் முடியாது என்றதில்லை, இந்த ஒரு ஜன்னலைத் தவிர.

"மத்தியானத்துக்குள்ள பழையபடி ஏத்திடு" என்றார் கொத்தனாரிடம்.

"ஏத்துனா நான் குடி வரமாட்டேன்ப்பா" என்றாள் மகள். "அடுப்புகிட்ட நின்னா பிள்ளை வெளிய என்ன பண்ணுதுன்னு தெரிய வேணாமா? மண்ணத் தின்னுறாளா, தெருவுக்கு ஓடுறாளான்னு ஏணி போட்டா ஏறிப் பாக்குறது?"

கொத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஊரில் இது பழைய கேலி. மேஸ்திரி கட்டிய வீட்டில் வெளியே மழை பெய்கிறதா என்று பார்க்கவே முக்காலி போட வேண்டும் என்பார்கள். ஆனாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். அவர் எழுப்பிய சுவரில் ஒரு கீறல் விழாது. வேலை முடிந்து அவர் கூலி வாங்கிப் போன மறுநாள், வேறு ஆளை வைத்து ஜன்னலை மட்டும் இறக்கிக்கொள்வார்கள்.

அதன்பிறகு அந்தத் தெருப்பக்கமே அவர் தலைவைத்துப் படுப்பதில்லை.

மேஸ்திரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அளவு நாடாவை இழுத்தார், விட்டார். மறுபடியும் இழுத்தார். எதையும் அளக்கவில்லை.

அவர் ஒன்றும் பிறவிக் கட்டடக்காரர் இல்லை. சொந்தக் கடலைக்காட்டில் பன்றிக்குக் காவல் இருந்தவர். மூன்று வருடம் மழை கைவிரித்ததும், சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். மணிக்கணக்கில் அசையாமல் உட்காரத் தெரிந்த ஆள் என்று அங்கே நல்ல பெயர்.

ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது காடு கைமாறியிருந்தது. கொத்துக் கரண்டியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஏழு வருடத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மனுஷன் குண்டுக்குப் பயந்து பயந்தே பாதி உயிரை அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

மகள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். கொத்தனார் காதில் விழக் கூடாதாம்.

"சண்டை முடிஞ்சு இருபது வருஷம் ஆச்சுப்பா. இங்க யாரும் நம்மளச் சுட மாட்டாங்க. பயப்படாதீங்க."

அவர் நாடாவைப் பார்த்தார்.

"நீங்களே வெளிய போய் நின்னு பாருங்க. அப்பவும் மனசு ஒப்பலேன்னா ஏத்திடலாம். பிள்ளை மேல சத்தியம்."

அவர் நடந்தார். மனையின் கோடியில், தெருவைத் தொட்டாற்போல் எல்லைக்கல் நட்டிருந்தது. அதுவரைக்கும் முப்பது தப்படி. எண்ண வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கால் தானாக எண்ணியது.

திரும்பினார்.

திறப்பில் மகள். நெஞ்சுவரைக்கும் வெயில் பட்டுத் துலக்கமாகத் தெரிந்தாள்.

அப்பாவை எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று, பேத்தியை இறக்கிவிட்டு, இல்லாத அடுப்பில் இல்லாத சட்டியை வைத்தாள். கிண்டினாள். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்பு போதாது என்று முகத்தைச் சுளித்தாள். கொத்தனார் கைதட்டிச் சிரித்தார்.

பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கையாட்டினாள்.

மேஸ்திரியின் கை எழவில்லை.

அவருடைய இடது கண் மூடியிருந்தது. மூச்சு பாதியில் நின்றிருந்தது. எப்போது மூடினார், எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது.

சண்டையில் அவர் குறிபார்த்த அந்த வீட்டின் ஜன்னலும் இவ்வளவு உயரம்தான் இருந்தது. அந்தப் பெண்ணும் உப்புதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலவை இறுகுது மேஸ்திரி!" கொத்தனார் கத்தினார். "ஏத்தவா, விடவா?"

கண்ணைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஜன்னல் அப்படியே இருக்கட்டும்."

மகள் உள்ளே குதிப்பது தெரிந்தது.

"கடப்பாரைய எடுத்துட்டு இங்க வா" என்றார். "இந்த எல்லைக்கல்லுல இருந்து அந்தக் கோடி எல்லைக்கல்லு வரைக்கும் அஸ்திவாரம் தோண்டணும். சுவர் என் தலைக்கு மேல ஓரடி நிக்கணும்."

கொத்தனார் தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் எட்டிப் பார்த்தார். ஈ காக்கை இல்லை.

"யாருக்கு மறைக்கிறதுக்கு மேஸ்திரி இவ்வளவு பெரிய சுவர்?"

 மேஸ்திரி எல்லைக்கல்லைத் தாண்டி, தெருப்பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.